கிறிஸ்துமஸ் குக்கீகளுக்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஐசிங் இடுவது எப்படி

நட்சத்திரம், மணி, கிறிஸ்துமஸ் மரம், பனிமனிதன் என்று வெட்டிச் சுட்ட சர்க்கரைக் குக்கீகளுக்கு ஐசிங் இடும் வேலையை ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். முதல் நாள் பெரியவர்கள் சுட்டு வைத்துவிட்டு, மறுநாள் எல்லோருமாக அலங்கரிப்பதே நல்லது. குக்கீ துளி வெதுவெதுப்பாக இருந்தாலும் ஐசிங் இளகி வழிந்துவிடும்.

225 கிராம் வெண்ணெயையும் 200 கிராம் சர்க்கரையையும் குழைத்து, ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி வெனிலா எசென்ஸ், கால் தேக்கரண்டி உப்பு, 375 கிராம் மைதா சேர்த்துப் பிசையுங்கள். பேக்கிங் பவுடரை நான் சேர்ப்பதில்லை. அது மாவை உப்ப வைத்து நட்சத்திரத்தின் முனைகளை மழுக்கிவிடும். மாவை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அச்சால் வெட்டி, தட்டோடு 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு 180 டிகிரி செல்சியஸில் 8 முதல் 10 நிமிடம் சுடுங்கள். விளிம்பு லேசாகச் சிவக்கத் தொடங்கியதுமே எடுத்துவிட வேண்டும்.

இனி ஐசிங். குழந்தைகள் விரலை நக்காமல் இருக்கப் போவதில்லை என்பதால், பச்சை முட்டை வெள்ளைக்கருவைத் தவிர்த்து மெரிங்கு பவுடரை (பதப்படுத்தி உலர்த்திய வெள்ளைக்கருத் தூள்) பயன்படுத்துவதே பாதுகாப்பு. 450 கிராம் ஐசிங் சர்க்கரையுடன் 3 மேசைக்கரண்டி மெரிங்கு பவுடரும் 5 மேசைக்கரண்டி தண்ணீரும் சேர்த்து, பளபளப்பு அடங்கிக் கெட்டியாக நிற்கும்வரை அடியுங்கள். நிறத்துக்கு ஜெல் வகையே ஏற்றது, ஏனெனில் நீர்த்த நிறங்கள் ஐசிங்கைத் தளர்த்திவிடும். நேரம் போகப் போக நிறம் அடர்த்தியாகும் என்பதால், சிவப்பையும் பச்சையையும் விரும்பும் அளவுக்குச் சற்று முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

குக்கீயின் அழகு முழுவதும் ஐசிங்கின் பதத்தில்தான் இருக்கிறது. விளிம்புக்கோடு வரைய, பற்பசை அளவுக்குக் கெட்டியான ஐசிங் வேண்டும். உள்ளே நிரப்புவதற்கு, அதிலேயே ஒரு பங்கை எடுத்து, அரைத் தேக்கரண்டி அரைத் தேக்கரண்டியாகத் தண்ணீர் விட்டுத் தளர்த்த வேண்டும். கிண்ணத்தின் நடுவே கத்தியால் ஒரு கோடு இழுத்து மனத்துக்குள் எண்ணுங்கள்: 15 எண்ணுவதற்குள் கோடு மறைந்து மேற்பரப்பு சமமானால் பதம் சரி. 5 எண்ணும் முன்பே மறைந்தால் ஐசிங் விளிம்பைத் தாண்டி ஓடும். கொஞ்சம் ஐசிங் சர்க்கரை சேர்த்தால் சரியாகிவிடும். கிண்ணங்களை ஈரத்துணியால் மூடி வைக்காவிட்டால் சில நிமிடங்களிலேயே மேலே ஆடை கட்டிவிடும்.

வேலையை வயதுக்கேற்பப் பிரித்துக் கொடுங்கள். கை நடுங்காமல் கோடு போடக்கூடியவர் விளிம்பை வரையட்டும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ளே நிரப்பட்டும். மிகச் சிறியவர்களுக்குச் சர்க்கரை மணிகளைத் தூவும் வேலையே போதும், ஆனால் ஐசிங் காயும் முன் தூவினால்தான் மணிகள் ஒட்டும். ஐசிங்கைப் பிழிந்து வரையும் பைப்பிங் பை இல்லையென்றால் கெட்டியான பிளாஸ்டிக் பையின் மூலையை மிகச் சிறிதாக வெட்டிக்கொள்ளலாம். நிரப்பியதும் பல்குத்தும் குச்சியால் ஐசிங்கை மூலைகளுக்கு நகர்த்தி, தெரியும் குமிழிகளைக் குத்தி உடையுங்கள். ஈரமான வெள்ளையின்மேல் சிவப்புப் புள்ளிகளை வரிசையாக வைத்து, அவற்றின் நடுவே குச்சியை ஒரே இழுப்பாக இழுத்தால், ஒவ்வொரு புள்ளியும் ஓர் இதயமாகும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்.

பனிமனிதனின் கண், பொத்தான், கழுத்துத்துணி ஆகியவை வெள்ளை நன்கு இறுகிய பிறகே வர வேண்டும். ஒருமுறை அவசரப்பட்டு அரை மணி நேரத்திலேயே சிவப்புத் துணியைப் போட்டேன். காலையில் பார்த்தபோது கழுத்திலிருந்து வயிறுவரை இளஞ்சிவப்பு இறங்கியிருந்தது. அன்றிலிருந்து மூன்று மணி நேரமாவது காத்திருக்கிறேன்.

முடித்த குக்கீகளை மூடாமல் இரவு முழுவதும் காயவிட்டு, மறுநாள் பட்டர் பேப்பரை இடையில் வைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்குங்கள். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.