இக்காரஸ் கவிதையை வாசிப்பதில் வரும் தவறுகள்

ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. ஹெச். ஆடன் 1938 டிசம்பரில், பிரஸ்ஸல்ஸில் தங்கியிருந்தபோது எழுதிய ‘மியூசே டெ போஸார்’ (நுண்கலை அருங்காட்சியகம்) வெறும் 21 வரிக் கவிதை. பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் ப்ரூகலின் பெயரில் அங்கே இருக்கும் இக்காரஸ் ஓவியத்தில் போய் அது முடிகிறது. இக்காரஸ் கடலில் விழும்போது, பக்கத்தில் ஓர் உழவன் தன் பாட்டுக்கு உழுதுகொண்டிருக்கிறான். அதைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பலர் எடுத்த எடுப்பிலேயே, உழவன் கல்நெஞ்சக்காரன், மனிதர்களே இப்படித்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். முதலில் தவிர்க்க வேண்டியது இதைத்தான்.

கவிதை என்ன சொல்கிறதென்று பொறுமையாகப் பாருங்கள். கிரேக்கப் புராணத்தின் இக்காரஸ், தந்தை செய்து கொடுத்த மெழுகு இறக்கையோடு சூரியனுக்கு மிக அருகே பறந்து, மெழுகு உருகிக் கடலில் விழுகிறான். அந்தச் சத்தமும் அலறலும் உழவன் காதில் விழுந்திருக்கலாம் என்கிறார் ஆடன். விழுந்தது என்று அடித்துச் சொல்லவில்லை. அப்படியே கேட்டிருந்தாலும் அவனுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. சூரியனோ தன் இயல்புப்படி காய்கிறது, அதைக் குற்றம் சொல்ல முடியுமா? கப்பல் கதை வேறு. அது அந்த அதிசயத்தைப் பார்த்தே இருக்க வேண்டும். பார்த்தும், போக வேண்டிய இடம் இருக்கிறதென்று தன் பாட்டுக்குப் போய்விடுகிறது. மூன்றும் மூன்று விதம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘அலட்சியம்’ என்று எழுதினால் கவிதையில் பாதி காணாமல் போகும். அதோடு, இதில் யாரையும் திட்டும் தொனியே கிடையாது. நிதானமாகப் பேசிக்கொண்டு போகிற அந்தக் குரல்தான் நமக்கு உறைக்கிறது.

கவிதையை ஒரே ஓவியத்தின் வர்ணனையாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. இக்காரஸ் வருவதே 14ஆம் வரியில்தான். அதுவரை பழைய ஓவியர்கள் துன்பத்தை எவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்ற பேச்சு. ஒருவர் வதைபடும் நேரத்தில் இன்னொருவர் சாப்பிடுகிறார், ஜன்னல் திறக்கிறார். பிள்ளைகள் பனிக்குளத்தில் சறுக்கி விளையாடுகிறார்கள், சித்திரவதை செய்பவனின் குதிரை மரத்தில் உடம்பைத் தேய்க்கிறது. இதெல்லாம் பீட்டர் ப்ரூகலின் வேறு ஓவியங்களை நினைவூட்டுபவை. அப்புறம்தான் இக்காரஸ், அதுவும் ஓர் உதாரணமாக. ஒரு சாவை உதாரணமாகக் குறித்துவிட்டு நகரும்போது, மற்றவர்கள் செய்வதாகச் சொன்னதைக் கவிதையும் செய்துவிடுகிறது. கருத்தை மட்டும் தேடுகிறவர்களுக்கு இது சிக்காது.

எழுதும் முன் ஓவியத்தையும் ஒருமுறை உற்றுப் பார்த்துவிடுங்கள். வலது கீழ்மூலையில், கப்பலுக்கு அருகே, தண்ணீரில் உதறும் இரண்டு கால்கள். இக்காரஸாக நமக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். ரோமக் கவிஞர் ஓவிட் சொன்ன கதையில் உழவனும் மேய்ப்பனும் தூண்டில்காரனும் பறக்கும் இக்காரஸையும் அவன் தந்தையையும் கண்டு, தேவர்கள் என்றே நினைத்து வியக்கிறார்கள். ஓவியத்தில் அதே மூவரும் இருக்கிறார்கள், ஆனால் ஒருவர்கூட இக்காரஸைப் பார்க்கவில்லை. மேய்ப்பன் அண்ணாந்து பார்க்கிறான், அதுவும் வேறு திசையில். ஓவிட்டை விட்டுவிட்டால் ஓவியர் செய்த இந்த மாற்றமே கண்ணில் படாது. மேய்ப்பனும் தூண்டில்காரனும் ஆடன் கவிதையில் இல்லை, படத்தைப் பார்த்துவிட்டுக் கவிதைக்குள் அவர்களைச் சேர்த்துவிட வேண்டாம். ‘ப்ரூகல் கைப்பட வரைந்தது’ என்றும் உறுதியாக எழுதாதீர்கள். பிரஸ்ஸல்ஸில் இருப்பது தொலைந்துபோன மூலத்தின் நகல் என்பது இன்று பல ஆய்வாளர்களின் கருத்து.

கடைசியாக, அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். அவரும் இதே ஓவியத்தை வைத்து எழுதினார், 1962இல் வந்த அவரது தொகுப்பில் அது இருக்கிறது. இரண்டு கவிதைகளையும் ஒரே மூச்சில் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆடனில் ஒருவர் நின்று கருத்துச் சொல்கிறார். வில்லியம்ஸ் கருத்தே சொல்வதில்லை. நிறுத்தற்குறி ஒன்றுகூட இல்லாமல் வசந்தம், உழவு, கடலோரம், வெயில் என்று போய், மூழ்குகிறவனைக் கடைசி வரிகளில் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். ஆடனின் தொனியைப் பற்றிச் சொன்னது எதுவும் அங்கே பொருந்தாது.