அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு ரத்தம் எடுக்கும்போது பேசுவது எப்படி?

லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இது. டவுன் சிண்ட்ரோம் (அறிவுசார் குறைபாட்டோடு பிறவியிலேயே வரும் ஒரு மரபணு நிலை) உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடு வரும் வாய்ப்பு அதிகம். பெரியவர்கள் ஆன பிறகும் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டியிருக்கும். இன்று மிரட்டி எடுத்துவிட்டால் அடுத்த முறை வாசலிலேயே நின்றுவிடுவார்.

1. சீக்கிரம் கூப்பிடுங்கள். கூட்டமும் சத்தமும் பலருக்குப் பெரிய தொல்லை. மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையில் முன்னுரிமை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டம். வரிசையில் யாராவது முணுமுணுத்தால் நீங்களே பதில் சொல்லுங்கள். அதையும் கூட வந்த அம்மா தலையில் கட்டாதீர்கள்.

2. அவரிடமே பேசுங்கள். முப்பது வயதுக்காரரை "கண்ணா, இங்க வா" என்பது மரியாதை இல்லை. பெயர் சொல்லி, "வாங்க, உட்காருங்க." வலித்தால் எப்படிக் காட்டுவார், எதற்குப் பயப்படுவார் என்பதை அப்புறம் கூட வந்தவரிடம் கேட்கலாம்.

3. செய்யப்போவதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ரப்பர் பட்டையைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்க விடுங்கள். "இதைக் கையில கட்டுவேன். இறுக்கமா இருக்கும்." நிறுத்துங்கள். "ஊசி குத்துவேன். கொஞ்ச நேரம் வலிக்கும். அப்புறம் பஞ்சு வெப்பேன்." "எறும்பு கடிச்ச மாதிரி" என்றால் சிலர் நிஜமாகவே எறும்பைத் தேடுவார்கள். "வலிக்கவே வலிக்காது" என்பது பொய். ஊசி இறங்கியதும் உங்கள் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

சொன்னதும் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் வரவில்லையே என்று அதையே வேறு வார்த்தையில் சொன்னால், அவர் முதலிலிருந்து யோசிக்க வேண்டிவரும்.

4. "சரி" என்றதும் ஊசியை எடுக்காதீர்கள். பெரியவர்கள் கேட்டால் தலையாட்டியே பழகியவர்கள் நிறைய பேர். "இப்ப நான் என்ன செய்யப்போறேன்?" என்று கேளுங்கள். கையைத் தொட்டுக் காட்டினாலும் போதும். "இந்தக் கையா, அந்தக் கையா?" என்றால் சிலர் கடைசியாகச் சொன்னதையே சொல்வார்கள், மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

கையை இழுத்துக்கொண்டால் நிறுத்துங்கள். நான்கு பேர் பிடித்து அமுக்குவது வேண்டவே வேண்டாம். அவசரம் இல்லையென்றால் இன்னொரு நாள் வரச் சொல்லலாம். ஒரு மணி நேரம் முன்பே தடவும் மரத்துப்போகும் க்ரீம் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

5. தலையில் அடித்துக்கொள்கிறார், சில நாளாகச் சாப்பிடவில்லை என்றால், "இவங்க இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், எதுவாகவும் இருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

6. எந்தக் கை, என்ன சொன்னதும் ஒத்துழைத்தார் என்று நோயாளிச் சீட்டில் இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த முறை ரத்தம் எடுப்பவர் வேறொருவராக இருக்கலாம்.