காரணம் கூறும் ஆங்கில இணைப்புச்சொற்கள்
க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வன்னி மாணவர் பலர், காரணம் கூறும் இடமெல்லாம் 'பிக்கோஸ்' (because) என்றே எழுதிவிடுகின்றனர். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் ஏன் திறக்கப்பட்டன என்று வினவப்பட்டால், காரணமே அங்கு புதிய செய்தி என்பதால் 'பிக்கோஸ்' மட்டுமே பொருந்தும். மழை பெய்ததை வாசிப்பவர் முன்பே அறிந்திருக்க, அதன் விளைவையே நாம் வலியுறுத்த விரும்பினால், வாக்கியத்தை 'சின்ஸ்' (since) அல்லது 'அஸ்' (as) கொண்டு தொடங்குவது சிறப்பு; ஆயினும் இவ்விரண்டும் காலத்தையும் குறிக்குமாதலால், ஐயம் எழுமிடத்தில் 'பிக்கோஸ்' என்பதே பாதுகாப்பானது. கடும் மழை என்பது போன்ற பெயர்ச்சொற்றொடர் மட்டும் வருமாயின் 'பிக்கோஸ் ஒஃப்' (because of) என எழுத வேண்டும். நம் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படும், என்னை மிகவும் வருத்தும் பிழை ஒன்றுண்டு: 'பிக்கோஸ்' கொண்டு தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'சோ' (so) சேர்க்கக் கூடாது, இரண்டில் ஒன்றே போதும்.