எஸ்க்யூலைட்டுக்கு அகரவரிசை கற்பித்தல்: பைத்தானில் சொந்தச் செயற்கூறு எழுதும் முறை

ஒரு சிறு நூலகத்தின் புத்தகப் பட்டியலை எஸ்க்யூலைட் (SQLite) தரவுத்தளத்தில் ஏற்றித் தலைப்பு வாரியாக வரிசைப்படுத்தியபோது, 'மனம்' என்று தொடங்கும் தலைப்புகள் 'மயில்' என்று தொடங்குபவற்றுக்கு முன்னால் வந்தன. 'பகல்' வந்த பிறகுதான் 'பக்கம்' வந்தது. தரவில் பிழை எதுவும் இல்லை. எஸ்க்யூலைட் தன் இயல்பில் பைட்டுகளை ஒப்பிட்டே வரிசைப்படுத்துகிறது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் தமிழ் எழுத்துகள் அமர்ந்திருக்கும் வரிசையோ நம் அகராதி வரிசை அன்று. அங்கே ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ என்று அமைந்திருக்கின்றன. ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே ஜ இருக்கிறது. ஆய்தம் அகரத்துக்கே முன்னால் நிற்கிறது. உயிர்க்குறிகளுக்குப் பின்னால் புள்ளி இருப்பதால் 'க்' என்பது 'கௌ'-வுக்கும் பிறகு வருகிறது. 1988-ஆம் ஆண்டின் இஸ்கி என்னும் இந்திய எழுத்துக் குறியீட்டை ஒட்டி, இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் ஒரே அமைப்பில் இடம் ஒதுக்கியதே இதற்குக் காரணம்.

இதைச் சரிசெய்ய எஸ்க்யூலைட்டுக்குள் நிரல் எழுத முடியாது. அதற்கென்று தனி நிரல்மொழி அதில் இல்லை. மாறாக, தரவுத்தளத்தைத் திறக்கும் நிரல் தன்னுடைய செயற்கூறுகளை (உள்ளீட்டை வாங்கி விடை தரும் நிரல் துண்டுகளை) அதற்குக் கடனாகக் கொடுக்கலாம். பைத்தானுடன் சேர்ந்தே வரும் எஸ்க்யூலைட்3 தொகுதி போதும்; வேறெதையும் நிறுவ வேண்டியதில்லை. பல மொழிகளின் வரிசை விதிகளைக் கொண்ட ஐசியூ நீட்சியைச் சேர்த்து எஸ்க்யூலைட்டைத் தொகுத்தால் தமிழ் வரிசை கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால், தொடக்கநிலையில் உள்ளவர் சி நிரலைத் தொகுக்கப் போராடுவதைவிட நாற்பது வரி பைத்தான் எழுதுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

படி 1: எளிய செயற்கூறு ஒன்று

முதலில் எழுத்துகளை எண்ணிப் பார்ப்போம். எஸ்க்யூலைட்டின் 'லெங்த்' செயற்கூற்றிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் 5 என்று விடை சொல்லும். த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஒவ்வொன்றையும் அது தனியாக எண்ணுகிறது. நமக்கு வேண்டியது 3. பைத்தானின் 'யூனிகோடுடேட்டா' தொகுதியில் உள்ள 'கேட்டகரி' ஒவ்வொரு குறியின் வகையையும் சொல்லும். உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் அந்த வகை 'எம்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணித் திருப்பியனுப்பும் ஒரு செயற்கூற்றை 'எழுத்தெண்ணிக்கை' என்ற பெயரில் எழுதுங்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். எஸ்க்யூலைட்டும் ஏற்கும், ஆனால் பெயர் 255 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும்.

படி 2: பதிவு செய்தல்

தரவுத்தள இணைப்பைத் திறந்ததும் அதன் 'கிரியேட் ஃபங்ஷன்' வழிமுறையை அழைத்து மூன்று மதிப்புகளைக் கொடுக்க வேண்டும்: வினவலில் (தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் கட்டளையில்) வழங்கப்போகும் பெயர், செயற்கூறு ஏற்கும் மதிப்புகளின் எண்ணிக்கை (இங்கே 1), செயற்கூறு. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவதால் 'டிட்டர்மினிஸ்டிக்' என்பதையும் உண்மை என்று குறித்துவிடுங்கள்; பைத்தான் 3.8 முதல் இது உண்டு. இந்தக் குறிப்பு இல்லாத செயற்கூற்றின் மீது இண்டெக்ஸ் (தேடலையும் வரிசைப்படுத்தலையும் விரைவாக்கும் சுட்டி) அமைக்க எஸ்க்யூலைட் அனுமதிக்காது.

படி 3: வெற்றுப் புலங்கள்

நான் ஒரு மாலை முழுவதையும் இழந்த இடம் இதுதான். பத்து வரிசைகளில் (பதிவுகளில்) நன்றாக ஓடிய வினவல், முழு அட்டவணையில் ஓடியபோது 'பயனர் வரையறுத்த செயற்கூற்றில் பிழை' என்ற பொருளில் ஒரே ஒரு வரியைச் சொல்லி நின்றுவிட்டது. எந்த வரிசையில், எந்த வரியில் என்ற தகவல் எதுவும் இல்லை. 'எனேபிள் கால்பேக் டிரேஸ்பேக்ஸ்' என்ற செயற்கூற்றைத் தொகுதியின் அளவில் ஒருமுறை இயக்கிவிட்டால் உண்மையான பிழைச்செய்தி திரையில் வரும் என்பதை அதன் பிறகே அறிந்தேன். அதை இயக்கியதும் காரணம் தெரிந்தது: தலைப்பு நிரப்பப்படாத வரிசைகள் சில இருந்தன, அவற்றின் 'நல்' (NULL) என்ற வெற்று மதிப்பு பைத்தானுக்குள் 'நன்' (None) ஆக நுழைந்து, உரையாக எண்ண முடியாமல் நிரலை முறித்திருந்தது. ஆகவே எந்தச் செயற்கூற்றின் முதல் வரியும் இதைச் சோதித்து, 'நன்' வந்தால் 'நன்' என்றே திருப்ப வேண்டும். திருப்பும் மதிப்பும் எண், உரை, பைட்டுகள், 'நன்' ஆகியவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கலாம்; பட்டியலைத் திருப்பினாலும் அதே ஒற்றை வரிப் பிழைதான் வரும்.

படி 4: அகரவரிசைத் திறவு

எஸ்க்யூலைட்டில் ஒப்பீட்டு விதியை எழுத 'கொலேஷன்' என்ற வசதி உண்டு. நான் அதைத் தவிர்க்கிறேன். வரிசைப்படுத்தும்போது நிகழும் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் அது பைத்தானை அழைக்கும். அதற்குப் பதிலாக, சொல்லை வாங்கி, எண்களால் ஆன திறவைத் (வரிசைப்படுத்த உதவும் குறியீட்டைத்) தரும் செயற்கூறு ஒன்றை எழுதினால், அட்டவணையின் வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை அழைத்தால் போதும்.

ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு இலக்கங்கள் கொடுங்கள். முதல் இரண்டு மெய்யின் இடம்: க 01 முதல் ன 18 வரை, கிரந்த எழுத்துகள் 19 முதல். அடுத்த இரண்டு உயிரின் இடம்: புள்ளிக்கு 00, அகரத்துக்கு 01, ஔகாரத்துக்கு 12. தனி உயிருக்கு மெய்யின் இடத்தில் 00, ஆய்தத்துக்கு 0013, இடைவெளிக்கு 0000. இப்படிக் கணக்கிட்டால் 'பக்கம்' 0901010001011000 என்றும் 'பகல்' 090101011300 என்றும் ஆகும். எட்டாவது இலக்கத்திலேயே 'பக்கம்' முந்திவிடும். இந்தத் திறவை எண்ணாக மாற்றாமல் உரையாகவே வைத்திருங்கள்; எண்ணாக்கினால் முன்னுள்ள சுழியங்கள் மறைந்து, நீளமான சொற்களெல்லாம் பின்னால் போய்விடும்.

படி 5: விடையைத் தரவுத்தளத்திலேயே எழுதிவைத்தல்

'கிரியேட் ஃபங்ஷன்' மூலம் பதிந்த செயற்கூறு அந்த இணைப்பு திறந்திருக்கும் வரை மட்டுமே வாழும். தரவுத்தளக் கோப்புக்குள் அது சேமிக்கப்படுவதில்லை. அதே கோப்பை டிபி பிரவுசர் என்னும் தரவுத்தளம் பார்க்கும் நிரலில் திறந்து வினவினால் அப்படியொரு செயற்கூறு இல்லை என்ற பிழைதான் கிடைக்கும். அந்தச் செயற்கூற்றின் மீது இண்டெக்ஸ் அமைத்திருந்தால், பிற நிரல்களிலிருந்து அந்த அட்டவணையில் புதிய வரிசையைச் சேர்க்கவும் முடியாது. நூலகத்தில் பட்டியலைப் பார்ப்பவர்கள் பைத்தானைத் திறக்கப் போவதில்லை என்பதால், 'வரிசைத்திறவு' என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, ஒரே 'அப்டேட்' கட்டளையில் எல்லா வரிசைகளுக்கும் திறவை எழுதி, அந்த நெடுவரிசையின் மீது சாதாரண இண்டெக்ஸ் அமைத்தேன். 'ஆர்டர் பை' என்பதில் அந்த நெடுவரிசையைக் குறிப்பிட்டால் எந்த நிரலிலும் சரியான வரிசை கிடைக்கும். புதிய புத்தகங்கள் சேர்ந்தால், திறவு வெற்றாக உள்ள வரிசைகளை மட்டும் நிரப்பும் சிறு நிரலை ஓட்டினால் போதும். தலைப்பைத் திருத்தும்போது அந்த வரிசையின் திறவையும் வெற்றாக்கிவிட மறக்கக் கூடாது.

பின்சேர்க்கை

ஒரே தலைப்பு இரண்டு இடங்களில் வருவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் அனுப்பிய மாதிரியில் 'கொ' இரண்டு விதமாகத் தட்டச்சாகியிருந்தது: ஒன்றில் ஒகரக்குறி ஒரே குறியாகவும், மற்றொன்றில் எகரக்குறியும் கால்குறியும் அடுத்தடுத்தும் இருந்தன. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. திறவைக் கணக்கிடும் முன் 'யூனிகோடுடேட்டா' தொகுதியின் 'நார்மலைஸ்' செயற்கூற்றில் பிரிந்த குறிகளை ஒரே குறியாக்கும் 'என்எஃப்சி' வடிவத்தைக் கொடுத்து உரையை ஒருமைப்படுத்துங்கள். தலைப்பையும் அதே வடிவில் சேமித்தால் தேடலும் சரியாகும்.

இன்னொருவர் கொலேஷனுக்கே தமிழ்ப் பெயர் வைத்துப் பிழை கண்டார். பைத்தான் 3.11-க்கு முந்தைய பதிப்புகளில் கொலேஷனின் பெயருக்கு ஆஸ்கி எழுத்துகளை (ஆங்கில எழுத்து, எண் முதலிய அடிப்படைக் குறிகளை) மட்டுமே பயன்படுத்த முடியும்.