அலையாத்தி நடப் போகிறீர்களா? முதலில் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள்

மழைக்காலம் நெருங்கினால் முத்துப்பேட்டை, பிச்சாவரம், வேதாரண்யம் பக்கம் அலையாத்திக் (மாங்குரோவ்) கன்று நட ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை ஆயிரம் கன்று?" என்பதைத்தான். "அந்த இடத்தில் ஏன் மரமே இல்லை?" என்று கேட்பவர்கள் குறைவு. இத்தனைக்கும் அலையாத்திக்கு விதைப் பஞ்சம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் ஓடையெங்கும் மிதந்து வரும். அப்படியும் ஓரிடம் வெறும் சேறாகக் கிடக்கிறது என்றால், அங்கே விழுகிற விதையை ஏதோ ஒன்று முளைக்கவிடாமல் செய்கிறது. அதைச் சரிசெய்யாமல் நட்டால் பங்குனி வெயிலில் கன்று கருகும், அடுத்த ஐப்பசியில் மறுபடியும் அதே குழியில் நட வேண்டியிருக்கும். ஆகவே இந்தக் குறிப்பில் பெரும்பகுதி தண்ணீரைப் பற்றித்தான், நடவு பின்னால் வரும்.

காவிரி டெல்டாவில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் வேலையைத் தொட முடியாது. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தக் காடுகளைக் கூறு போட்டு, ஒவ்வொரு கூறாக ஒட்டுமொத்தமாக வெட்டி எடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் இது தொடர்ந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேராகச் சேற்றில் விழுந்து, ஈரம் வற்றி, மண் அமுங்கிப் பள்ளமாகிவிட்டது. கடல்நீர் ஏறும்போது அந்தப் பள்ளத்துக்குள் வருகிறது, இறங்கும்போது வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்குகிறது, காய்கிறது, உப்பை விட்டுவிட்டுப் போகிறது. இது ஆண்டுக்கணக்கில் நடந்தால் அந்த மண்ணில் உப்பைத் தாங்கும் உமரிச் செடி தவிர வேறெதுவும் வராது. ஆடுமாடு மேய்ந்ததால்தான் காடு அழிந்தது, விறகு வெட்டியதால்தான் அழிந்தது என்று ஊர்க்காரர்கள் மேல் நெடுங்காலம் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் பிச்சாவரத்தில் ஆராய்ந்து, முக்கியக் காரணம் இந்தத் தேங்கிய உப்புநீர் என்று கண்டு, வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓடவிட்டார்கள். மரம் திரும்பி வந்தது. அதன் பிறகு முத்துப்பேட்டையிலும் அந்த வழியே பெரிய அளவில் கையாளப்பட்டது.

சரி, உங்கள் இடத்துக்கு வருவோம்.

முதலில் அனுமதி. முத்துப்பேட்டை, பிச்சாவரம் இரண்டும் காப்புக்காடு. பிச்சாவரம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வனத்துறை இல்லாமல் ஒரு மண்வெட்டி மண்கூட எடுக்கக் கூடாது. பட்டா நிலத்தில் கைவிடப்பட்ட இறால் குட்டை என்றாலும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. வனச்சரக அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் உங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைத் தேடிப் பிடியுங்கள். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அது இருக்க வேண்டும். பல ஊர்களில் பேருக்குத்தான் இருக்கும், அதை உயிர்ப்பிப்பதே பாதி வேலை.

அப்புறம் ஓர் ஆண்டு சும்மா பாருங்கள். ஓர் ஆண்டு முடியாது என்றால் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமுமாவது. நம் கடற்கரையில் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. அதனால் ஒரு சாண் உயரம் கூடினாலோ குறைந்தாலோ, செடி பிழைக்கிற இடம் சாகிற இடமாகிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக ஏறும், அஷ்டமி நவமியில் சோம்பலாக இருக்கும். இரண்டு நாட்களிலும் போய்ப் பார்க்க வேண்டும். பெயின்டால் கோடு போட்ட மூங்கில் குச்சிகளை ஓடைக் கரையிலிருந்து உள்பக்கமாக வரிசையாக ஊன்றுங்கள். தண்ணீர் எந்தக் கோடு வரை வந்தது, இறங்க எவ்வளவு நேரமானது, எங்கே இறங்கவே இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை, வீடு கட்டும் மேஸ்திரி வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் மட்டக் குழாயே போதும். பக்கத்தில் தானாக வளர்ந்து நன்றாக நிற்கிற மரத்தின் அடி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று எடுத்து, உங்கள் வெற்றுச் சேற்றின் மட்டத்தோடு ஒப்பிடுங்கள். பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

உப்பு பார்க்கக் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சேற்றில் ஒரு முழக் குழி தோண்டி, ஊறி வரும் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் விட்டுப் பாருங்கள். மேலே தேங்கியிருப்பதைவிட வேர் குடிக்கப்போகிற இந்தத் தண்ணீர்தான் முக்கியம். வெண்கண்டல் (அவிசென்னியா மெரினா) கடல்நீரைவிடக் கூடுதலான உப்பையும் தாங்கும், உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். வெயில் நேரத்தில் அதன் இலையைத் தடவிப் பார்த்தால் விரலில் நறநறவென்று ஒட்டும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு, கடல்நீரைப்போல் இரண்டு மடங்கு என்று போனால் பெரிய மரமே குட்டையாகித் திணறும், கன்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் மீனவர்களிடம் பேசியிருக்க வேண்டும். எந்த ஓடை எப்போது தூர்ந்தது, மடவை எந்த வாய்க்கால் வழியாக ஏறும், களிநண்டு எங்கே வளை போடும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. முத்துப்பேட்டையில் வாய்க்கால் வெட்டி மீன் பிடிப்பதே பழைய வழக்கம். உங்கள் வாய்க்கால் அவர்கள் வலை கட்டும் இடத்தில் குறுக்கே விழுந்தால் வேலை முதல் மாதமே நின்றுவிடும்.

இனி வாய்க்கால். இதை மீன்முள் வாய்க்கால் என்பார்கள். ஏற்கெனவே தண்ணீர் ஓடுகிற இயற்கை ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்காலைச் சாய்வாகப் பிரித்து, அதன் இருபுறமும் சின்ன வாய்க்கால்களை அதேபோலச் சாய்வாகக் கிளைவிட வேண்டும். செங்குத்தாகப் பிரித்தால் தண்ணீர் முட்டி நின்று வண்டலைப் போட்டுவிடும். பெரிய வாய்க்காலின் அடிமட்டம் ஓடையின் வற்ற மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் தேங்கிய தண்ணீரை வடிக்க வந்த நீங்களே இன்னொரு தேக்கத்தை வெட்டி வைத்த கதையாகிவிடும். கரையை நெட்டாக வெட்டாதீர்கள், மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் சரித்து வெட்டினால்தான் இடியாமல் நிற்கும், நடவும் அந்தச் சரிவில்தான். வெட்டிய மண்ணை இருபுறமும் நீளமாக வரப்பு கட்டிவிடுவது வழக்கமாக நடக்கிற தப்பு. அந்த வரப்பே தண்ணீரைப் பரவவிடாமல் தடுக்கும். இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன மேடாகப் போடுங்கள், அல்லது மெல்லப் பரப்பிவிடுங்கள். பக்கத்து மரத்தைச் சுற்றிச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள் மேல் மட்டும் போட்டுவிடாதீர்கள், நன்றாக இருக்கிற மரத்தையும் மூச்சு முட்ட வைத்துவிடும்.

இறால் குட்டை என்றால் வேலை இன்னும் எளிது. கரையைத் தாழ்வான பக்கமாக இரண்டு மூன்று இடத்தில் உடைத்துவிட்டு, பழைய ஓடையின் தடம் தெரிந்தால் அதோடு இணைத்துவிடுங்கள். தண்ணீர் வந்துபோக ஆரம்பித்தால் விதையும் கூடவே வரும்.

வாய்க்கால் வெட்டி ஒரு மழைக்காலம் கழுவவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை போல் உப்பைக் கழுவ வேறெதுவும் கிடையாது. அந்த மழையிலேயே தானாகக் கன்று முளைத்திருந்தால் அங்கே நடாதீர்கள், வேலி மட்டும் போட்டு மாட்டை விலக்கிவிடுங்கள், போதும். முளைக்காத இடத்தில் நடலாம். வெண்கண்டல் விதையைப் பறிக்க வேண்டாம், கிளையை லேசாக ஆட்டினால் உதிர்வதை எடுங்கள், பூச்சித் துளை இருப்பதைக் கழித்துவிடுங்கள். ஓடைத் தண்ணீரில் ஒரு நாள், இரண்டு நாள் ஊறினால் மேல்தோல் தானே கழன்று மடித்த பச்சை விதையிலைகள் தெரியும். வேர் வரும் நுனி கீழே இருக்கும்படி வாய்க்கால் சரிவின் நடுமட்டத்தில் மெல்ல அழுத்தினால் போதும். அடியில் வைத்தால் மூழ்கி அழுகும், உச்சியில் வைத்தால் காயும். சுரபுன்னை என்றால் முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும் நாற்றை, மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போகும்படி நேராகச் செருக வேண்டும். ஆனால் எங்கும் சுரபுன்னையாகவே நடுகிறார்கள், செருகுவது சுலபம், போட்டோவிலும் நன்றாகத் தெரியும் என்பதால். உப்பு குறைந்த, ஓடை ஓரத்து இளகிய சேறு அதற்கு வேண்டும். முத்துப்பேட்டைக் காட்டில் பெரும்பாலும் நிற்பது வெண்கண்டல்தான், அந்தக் கணக்கை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. தில்லை, நரிக்கண்டல் இவற்றுக்கும் அதனதன் இடத்தில் கொஞ்சம் கொடுங்கள்.

நடக்கூடாத இடங்களையும் சொல்லியாக வேண்டும். வற்றத்தில் வெளியே தெரியும் திறந்த சேற்றுத் திட்டு ‘காலி நிலம்’ இல்லை. வலசை வரும் உள்ளான்களும் பூநாரைகளும் இரை தேடுவது அங்கேதான். ஆமை முட்டையிடும் மணல்மேட்டில் சவுக்கு வைப்பதும் அதே தப்புதான். கரைமேட்டில் சீமைக்கருவேலம் இருந்தால் வெட்டினால் போதாது, வேரோடு பிடுங்க வேண்டும், பிடுங்கிய கையோடு பூவரசு, புங்கம், பனை என்று ஏதாவது வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே திரும்பி வரும்.

ஒன்று மட்டும் உங்கள் கையில் இல்லை, நன்னீர். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு கடைமடைக்கு வரும் தண்ணீரின் அளவும் காலமும் மாறிவிட்டன, வண்டலும் குறைந்துவிட்டது. கடலில் கலக்கும் தண்ணீரை ‘வீணாகப் போகிறது’ என்று செய்தியில் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், கொடுவாயும் இறாலும் அலையாத்தியும் அந்த வீணில்தான் பிழைக்கின்றன. 2007ஆம் ஆண்டின் காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பிலேயே சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சி, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 டிஎம்சி என்று தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். கடைமடை விவசாயியும் நீங்களும் எதிரிகள் இல்லை, உப்பு ஏறினால் முதலில் போவது அவருடைய வயல்தான்.

புயலுக்கும் ஒரு திட்டம் வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்தபோது முத்துப்பேட்டைக் காடு பெரும் அடி வாங்கியது. புயல் முடிந்தவுடன் விழுந்த மரத்தையெல்லாம் அப்புறப்படுத்தப் பறக்காதீர்கள். செத்ததுபோல் நிற்கும் சில மரங்கள் பிறகு துளிர்விடும், விழுந்த மரத்தின் நிழலில் கன்று பிழைக்கும். வாய்க்கால் வாயை அடைத்துக் கிடப்பதை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள்.

பராமரிப்பு என்றால் முக்கியமாகத் தூர்வாருதல். சின்ன வாய்க்கால்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மேடிட்டுவிடும், அதற்கான பணத்தை முதல் நாளே திட்ட மதிப்பீட்டில் எழுதி வாங்குங்கள், பிறகு கேட்டால் நடவுக்குக் கிடைக்கும், தூர்வாரக் கிடைக்காது. ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன்னால் வாரிவிட வேண்டும். கூலி வேலையை அந்தந்த ஊர் ஆட்களுக்கே கொடுங்கள், பொக்லைன் இறக்காதீர்கள், அது போன தடத்தில் மண் இறுகிக் கன்றே வராது. ஆண்டுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் படம் எடுங்கள். கன்று எண்ணிக்கையோடு நண்டு வளை, தானாக முளைத்த நாற்று, வாய்க்காலில் ஏறும் மீன் வகை இவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். மூன்றாம் ஆண்டிலும் நண்டு வளை தென்படவில்லை என்றால் தண்ணீர் சரியாக வந்துபோகவில்லை என்று எடுத்துக்கொண்டு, புதிதாகக் கன்று வாங்காமல், மட்டக் குழாயை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வாய்க்குப் போங்கள்.