கதவடைப்பா, வேலைநிறுத்தமா: பேஸ்பால் செய்தியைப் படிக்கும் முறை

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மாலை 7.05 மணிக்குத் தொடங்கும் பேஸ்பால் ஆட்டம், கோடைக்காலத்தில் நமக்கு மறுநாள் அதிகாலை 4.35 மணிக்குத் தொடங்குகிறது. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கும் நேரமும் ஏறத்தாழ அதுதான். அந்த இருட்டில் கைப்பேசியை ஏந்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருசிலரில் நானும் ஒருவன். இந்த ஆட்டத்துக்குப் புதிதாக வந்த நண்பர்கள் ஆட்டமுறையை ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒப்பந்தம், கதவடைப்பு, சம்பளத் தகராறில் நடுவர் தீர்ப்பு, விதிக்குழு வாக்கெடுப்பு என்று செய்திகள் வரத் தொடங்கினால் திகைத்துப்போகிறார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்டு, அத்தோடு பேச்சை முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீக் அணிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே 2022இல் ஏற்பட்ட கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிவடைவதால், இத்தகைய செய்திகளை நான் எந்த வரிசையில் படிக்கிறேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, வேலையை நிறுத்தியவர் யார் என்பது. தோட்டத் தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் இருந்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் 2021 டிசம்பரில் பேஸ்பாலில் வேலை நின்ற செய்தியைச் சொன்னபோது, அவர் பேஸ்பால் என்றால் என்ன என்று கேட்கவில்லை, “கேட்டைப் பூட்டுனது யாரு மக்ளே, மொதலாளியா தொழிலாளியா?” என்றுதான் கேட்டார். பூட்டியது முதலாளிகள். முந்தைய ஒப்பந்தம் காலாவதியான உடனே, 2021 டிசம்பர் 2 அன்று அணி உரிமையாளர்கள் அறிவித்த கதவடைப்பு 99 நாள் நீடித்து 2022 மார்ச் 10 அன்று முடிந்தது. இருந்தும் பல இடங்களில் அதை வீரர்களின் வேலைநிறுத்தம் என்றே குறிப்பிட்டார்கள். 1972, 1981, 1994 ஆகிய ஆண்டுகளில் நடந்தவை வேலைநிறுத்தங்கள். 1990இலும் 2021இலும் நடந்தவை கதவடைப்புகள். முந்திரி ஆலைக் கதவு மூடிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. தொல்லை என்னவென்றால், இந்த ஆட்டத்தில் பேட்டர் அடிக்காமல் விட்ட நல்ல பந்துக்கும் ‘ஸ்ட்ரைக்’ என்றே பெயர். இணையத்தில் அந்தச் சொல்லைத் தேடினால் இரண்டும் கலந்தே வரும்.

அடுத்து நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையில் நிறுத்திவைத்து யாரும் போராடுவதில்லை, ஏனென்றால் அப்போது படகு ஓடாததால் எவருக்கும் நட்டமில்லை. பேஸ்பாலிலும் அதே கணக்குதான். வீரர்களுக்குச் சம்பளம் ஆட்டப்பருவம் முழுவதும் தவணையாக வந்துவிடுகிறது. உரிமையாளர்களுக்கோ பருவத்தின் கடைசியில் நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகளின் தொலைக்காட்சிப் பணம்தான் பெரிய வரவு. ஆகவே வீரர்கள் 1994இல் ஆகஸ்ட் 12 அன்று, தங்கள் சம்பளத்தின் பெரும்பகுதி கைக்கு வந்தபின், உரிமையாளரின் அறுவடை தொடங்கும் முன் வெளியேறினார்கள். உரிமையாளர்கள் பூட்டுவதென்றால், ஆட்டமே இல்லாத குளிர்காலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேதியைப் பார்த்தாலே யாருடைய கை ஓங்கியிருக்கிறது என்பது ஓரளவு விளங்கிவிடும். டிசம்பரில் கதவடைப்பு என்று செய்தி வந்தால் பதற வேண்டியதில்லை. மார்ச் முதல் வாரத்திலும் அது தொடர்ந்தால் மட்டும் கவலைப்படத் தொடங்குங்கள். 99 நாள் கதவடைப்புக்குப் பிறகும் 2022இல் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள் முழுமையாக நடந்தன.

மூன்றாவது படி சம்பள ஏணி. இதில்தான் நிதானம் தேவை. இதைப் புரிந்துகொள்ளாமல் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்பது என் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல், ஓர் அணியில் சேர்ந்த வீரனை அந்த அணி விரும்பும்வரை வேறெங்கும் போகவிடாமல் கட்டிவைக்கும் ஒரு பிரிவு ஒப்பந்தங்களில் இருந்தது. இந்த ஆட்டம் ஏகபோகத்தைத் தடுக்கும் வணிகப் போட்டிச் சட்டங்களுக்கு உட்பட்டதல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922இல் தீர்ப்பளித்ததால், அந்தக் கட்டை நீதிமன்றத்தில் உடைக்க முடியவில்லை. 1969இல் செயின்ட் லூயிஸ் அணி தன்னைக் கேளாமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்த கர்ட் ஃப்ளட் தொடுத்த வழக்கும் 1972இல் தோற்றது. கட்டு அவிழ்ந்தது நீதிபதியால் அன்று, கூட்டு ஒப்பந்தத்தில் சங்கம் கேட்டு வாங்கியிருந்த சுதந்திர நடுவரால். ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி ஆகிய இருவரின் முறையீட்டில் பீட்டர் சைட்ஸ் என்னும் நடுவர் 1975 டிசம்பர் 23 அன்று அளித்த தீர்ப்பு, அந்தப் பிரிவு ஓராண்டுக்கு மட்டுமே செல்லும் என்றது. மார்வின் மில்லர் சங்கப் பொறுப்பை ஏற்றது 1966இல். 1968இல் போட்ட முதல் கூட்டு ஒப்பந்தம் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தை 6,000 டாலரிலிருந்து 10,000 டாலராக உயர்த்தியது. இந்தத் தொகைகளைப் பார்த்தபின், சங்கம் எதற்கு என்ற கேள்வியை நான் கேட்பதில்லை.

இன்றைய ஏணி இப்படி இருக்கிறது. மேஜர் லீகில் ஏறக்குறைய முதல் மூன்று ஆண்டுகள் வீரன் அணி தருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சத் தொகை 2022இல் 7,00,000 டாலர், 2026இல் 7,80,000 டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளில் அணியும் வீரனும் ஆளுக்கொரு தொகை சொல்ல, உடன்பாடு ஏற்படாவிட்டால் நடுவர் குழு அவ்விரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும். இடைப்பட்ட தொகை எழுத அதற்கு அதிகாரமில்லை. ஆறு ஆண்டு முடிந்தால்தான் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை. நம் காதில் விழும் பெருந்தொகைகள் எல்லாம் இந்தக் கடைசிப் படியில் நிற்கிறவர்களுடையவை. அந்தப் படிக்கு வருமுன்னே ஆட்டவாழ்வு முடிந்துபோகிறவர்கள் பலர். மேஜர் லீக் அணியின் வீரர் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டுப் பணி என்று கணக்கு. சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்ட்டை 2015இல் ஏப்ரல் 17 அன்றுதான் கீழ்நிலை லீகிலிருந்து மேலே அழைத்தது. அவருக்குக் கிடைத்தவை 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததால் அவருடைய விடுதலை ஓர் ஆண்டு தள்ளிப்போனது. அவர் முறையிட்டார், 2020இல் நடுவர் அணியின் பக்கமே தீர்ப்பளித்தார். நிரந்தரம் ஆகிவிடக் கூடாது என்பதற்காகத் தொழிலாளியை இடையில் சில நாள் நிறுத்திவைத்து மீண்டும் சேர்க்கும் பழக்கத்தை நம் ஊரில் அறியாதவர் யார்?

கீழ்நிலை லீக் வீரர்களை மறந்துவிட வேண்டாம். எறிதல் போட்டி ஒன்றின் வழியே கண்டெடுக்கப்பட்டு, 2008இல் பிட்ஸ்பர்க் அணியில் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற நம் நாட்டு இளைஞர்கள் இருவரும் ஆடியது அந்த நிலையில்தான். அந்த நிலையில் ஆடுகிறவர்களை வீரர் சங்கம் தன்னுள் சேர்த்துக்கொண்டது 2022இல். அவர்களுக்கான முதல் ஒப்பந்தம் 2023இல் வந்தது.

இனி, தகராறு ஆட்டத்தில் எதைக் கெடுத்தது என்பதைத் தனியாகக் கணக்கிடுங்கள். இது ரசிகருடைய கணக்கு. இரு தரப்பும் நமக்காக இதைப் போட்டுத் தருவதில்லை. 1972 ஏப்ரலில் ஓய்வூதிய நிதிக்காக நடந்த வேலைநிறுத்தத்தில் 86 ஆட்டங்கள் நடக்காமல் போயின, அவற்றைத் திரும்ப ஆடவும் இல்லை. அதனால் அணிகள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையே ஒன்றுபோல் இல்லை. டெட்ராய்ட் 86 வெற்றி 70 தோல்வி, பாஸ்டன் 85 வெற்றி 70 தோல்வி என்று பருவத்தை முடிக்க, அரை ஆட்ட வித்தியாசத்தில் பாஸ்டன் பிரிவுப் பட்டத்தை இழந்தது. 1981இல் பருவத்தை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியிலும் முதலிடம் பெற்றவருக்கே அடுத்த சுற்று என்று தீர்மானித்தார்கள். இரண்டு பாதிகளையும் சேர்த்தால் 66 வெற்றி 42 தோல்வியோடு எல்லா அணிகளையும்விட மேலே நின்ற சின்சினாட்டி, எந்தப் பாதியிலும் முதலிடம் பெறாததால் வெளியே உட்கார்ந்திருந்தது. 1994 இன்னும் கொடியது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டுமென்ற உரிமையாளர்களின் கோரிக்கையால் மூண்ட அந்த 232 நாள் போராட்டத்தில், 1904க்குப் பிறகு முதன்முறையாக, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் நடக்கவில்லை. 74 வெற்றி 40 தோல்வி என்று முன்னணியில் இருந்த மாண்ட்ரியல் அணிக்கு அந்த வாய்ப்பு மீண்டும் வரவே இல்லை. பத்தாண்டு கழித்து அணியே வாஷிங்டனுக்கு இடம்பெயர்ந்தது. .394 என்ற அடிசராசரியில் (மட்டை பிடித்த வாய்ப்புகளில் வெற்றிகரமாக அடித்த விகிதம்) நின்ற பேட்டர் டோனி க்வின் .400ஐத் தொட்டிருப்பாரா என்பது இன்றும் அதிகாலைப் பேச்சுக்கு உதவும் கேள்வி. 1995 மார்ச் 31 அன்று, பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன நீதிபதி சோனியா சோட்டோமேயர் உரிமையாளர்களுக்கு எதிராகத் தடையாணை பிறப்பித்த பிறகுதான் ஆட்டம் திரும்பியது. வீரர்கள் கேட்டது நியாயம் என்றே நான் கருதுகிறேன். உலகத் தொடர் நின்றதில் எனக்குள்ள வருத்தமும் அதனால் குறையவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் போட்டு நிறுக்காமல் இருப்பதுதான் இந்தப் படியில் செய்ய வேண்டிய வேலை.

விதி மாற்றச் செய்தி வரும்போது, அது தொழில் தகராறிலிருந்து வேறுபட்ட செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். 2022 ஒப்பந்தத்தின்படி விதிகளைத் தீர்மானிக்கும் குழுவில் பதினொரு பேர்: லீகின் ஆட்கள் ஆறு, வீரர்கள் நான்கு, அம்பயர் ஒருவர். ஆறு பேர் ஒன்றாக நின்றால் மற்ற ஐவரின் வாக்குக்கு வலுவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், குறித்த நொடிக்குள் பந்தை எறியச் சொல்லும் எறிநேரக் கடிகாரத்தையும் உள்வட்டத் தடுப்பாளர்களை இடம் மாற்றி நிறுத்துவதற்கான கட்டுப்பாட்டையும் நான்கு வீரர்களும் எதிர்த்தே வாக்களித்தார்கள். இருந்தும் இரண்டும் நிறைவேறின. ஆகவே ஒவ்வொரு விதிக்கும் ஒரு கேள்வியை எழுதி வையுங்கள்: இது யாருடைய சம்பளத்தைத் தொடுகிறது? ஓடுகிறவர் தொட வேண்டிய இடங்களில் ஒன்றான இரண்டாம் பேஸின் ஒவ்வொரு பக்கமும் இருவர் நிற்க வேண்டும் என்பது இடக்கை பேட்டரின் அடிசராசரியைத் தொடுகிறது. அந்த எண்தான் நடுவர் குழு முன் அவருக்குச் சாட்சி. பந்தெறியும் பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க மட்டும் ஒருவரை வைத்துக்கொள்ளும் விதி, களத்தில் ஓடிப் பந்து தடுக்க முடியாத மூத்த வீரருக்கு வேலை தருகிறது.

அந்தக் கடைசி விதியின் கதை குமரி மாவட்டத்துக்காரருக்கு எளிதில் விளங்கும். சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துப் படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மாவட்டம் ஒன்று, கடலுக்கேற்ப விதி இரண்டு. பேஸ்பாலிலும் மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் 1973இல் இந்த மாற்று பேட்டரை ஏற்றுக்கொள்ள, நேஷனல் லீகில் பிட்சரே மட்டை பிடித்து வந்தார். 2020இன் சுருங்கிய பருவத்தை விட்டால், இரு லீகுக்கும் ஒரே விதி வந்தது 2022இல்தான், அதுவும் கதவடைப்பை முடித்த அதே ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக. நம் தடைக்கால வேறுபாட்டுக்குக் கடலின் இயல்பு காரணம். அவர்களுடையதற்கு இரு லீகுகளின் பிடிவாதத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசியாக, விதி வந்த அன்று தீர்ப்பு எழுதாமல் பருவம் முடியும்வரை பொறுத்திருங்கள். விதி மாற்றம் புதுமையும் அன்று: 1968இல் பாப் கிப்சன் போன்ற பிட்சர்கள் பேட்டர்களைத் திணறடித்ததால், மறு ஆண்டே, பிட்சர் நின்று எறியும் மேடான மவுண்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. நான் ஒரு பழைய கணக்கு நோட்டில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே என் முன்கருத்தையும் கீழே ஆறு மாதத்துக்குப் பின் கண்டதையும் எழுதுகிறேன். 2023 பிப்ரவரியில், கடிகாரம் இல்லாததுதான் இந்த ஆட்டத்தின் அழகு, அதைக் கெடுக்கிறார்கள் என்று சற்றுக் கோபமாகவே எழுதியிருந்தேன். பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 நொடி, இருந்தால் 20 நொடி என்ற அந்த விதியால் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் 3 மணி 4 நிமிடத்திலிருந்து ஏறத்தாழ 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. பேஸ் அட்டையை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கியதும், பிட்சர் பேஸை நோக்கி எறிவதைக் கட்டுப்படுத்தியதும் சேர்ந்து, பந்து அடிபடாமலே ஓடிப் பிடித்த, அதாவது திருடிய பேஸ்களின் எண்ணிக்கையை 2,486இலிருந்து 3,503 ஆக்கின. 4.35க்குத் தொடங்கும் ஆட்டம் இப்போது பெரும்பாலும் ஏழரை மணிக்குள் முடிந்து, நான் வேலைக்குப் புறப்பட நேரம் கிடைக்கிறது. என் முன்கருத்து தவறென்று கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஆனால் 2024இல் அந்த 20 நொடியை 18 ஆக்கியபோது, பிட்சர்களின் கைக்கு ஓய்வு போதவில்லை என்று சங்கம் எழுப்பிய கவலையை லீக் மறுத்துவிட்டது. அந்தப் பக்கத்தில் கீழ்ப்பாதியை இன்னும் வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

2026 பருவத்துக்கான பக்கம், அம்பயரின் பந்துத் தீர்ப்பை எதிர்த்துக் கருவியிடம் முறையிடும் விதியைப் பற்றியது. ஓர் அணிக்கு இரண்டு முறையீடு. பிட்சர், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர், பேட்டர் ஆகியோர் மட்டுமே கேட்கலாம். வென்றால் முறையீடு கணக்கில் கழியாது. மேலே நான் எழுதியிருப்பது: எல்லைக்கு வெளியே வந்த பந்தையும் கையுறையை நாசூக்காக அசைத்து நல்ல பந்தாகக் காட்டும் கேட்சருடைய திறமைக்கு இனிச் சம்பளம் குறையும். டிசம்பர் 1க்குப் பிறகு அதன் கீழே எழுத வேண்டும்.