சர்க்கரை நோயாளிகள் பாதத்தைப் புண் வராமல் காப்பது எப்படி?

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாத நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். முதலில் எரிச்சல், ஊசி குத்தல், பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு வரும். பிறகு ஒன்றுமே தெரியாது. எரிச்சல் நின்றதும் கால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உணர்ச்சியே போயிருக்கலாம். முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் வலிக்காது என்பதால், வலி சொல்ல வேண்டியதை இனி உங்கள் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

படுக்கப் போகுமுன் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்து, அதன் மேலாகக் காலைத் தூக்கிப் பிடித்தால் அடிப்பாதம் தெரியும். கண் பார்வை குறைந்தவருக்கு வீட்டில் இன்னொருவர் பார்க்க வேண்டும். விரல் இடுக்குகள், பெருவிரலுக்குக் கீழே மேடான இடம், குதிகால் ஓரம், நக ஓரம் ஆகிய இடங்களை விடவே கூடாது. மெட்டி அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டு அடியிலும் பாருங்கள். கால் வீங்கும்போது மெட்டி இறுகித் தோலை அறுக்கும். பிறகு புறங்கையை வைத்து இரண்டு கால்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சுட்டால் உள்ளே ஏதோ நடக்கிறது.

கழுவும் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும், காலால் பார்க்கக் கூடாது. வெந்நீரில் கால் ஊறவைப்பது, மணல் ஒத்தடம், ஹீட்டிங் பேட் எதுவும் வேண்டாம். கொப்புளம் கிளம்பியது மறுநாள்தான் தெரியவரும். கழுவியதும் விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். நான்காம், ஐந்தாம் விரல்களுக்கு நடுவில்தான் சேற்றுப்புண் பெரும்பாலும் தொடங்கும். வியர்வை நரம்புகளும் கெடுவதால் தோல் காய்ந்து வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகக் கிருமி நுழையும். அதனால் பாதத்துக்கும் குதிகாலுக்கும் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள், விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள்.

நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்ட வேண்டாம். கால் ஆணியை பிளேடால் சீவுவதும், மருந்துக் கடை கார்ன் பிளாஸ்திரி ஒட்டுவதும் கெடுதல். பிளாஸ்திரியில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள். பெருவிரலால் பிடித்து நடக்கும் ஹவாய் செருப்பு வேண்டாம். கழன்று விழுந்தாலும் தெரியாது, விரலிடுக்கிலும் அறுக்கும். பின்பக்கம் பட்டையும் மேலே வெல்க்ரோவும் உள்ள எம்.சி.ஆர். (நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர்) செருப்பு நல்லது. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்குங்கள், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் விட்டு. புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் போட்டுக் கழற்றிப் பாருங்கள்; தோல் சிவந்திருந்தால் அளவு சரியில்லை. ஒவ்வொரு முறையும் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், கல்லோ ஆணி முனையோ இருக்கலாம். கோயிலுக்குப் போவதென்றால் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், கற்தரை சாயங்காலம் வரை சூட்டை வைத்திருக்கும். எலி நடமாட்டமுள்ள வீட்டில் தரையில் படுக்காதீர்கள். மரத்த காலை எலி கடித்தாலும் தூக்கம் கலையாது.

புண் வந்துவிட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்டெரைல் காஸ் (கிருமி நீக்கிய வலைத்துணி) வைத்துக் கட்டி, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மஞ்சள், காபித்தூள், சாம்பல் எதையும் வைக்காதீர்கள். பல புண்கள் ஆறாமல் இழுப்பதற்குக் காரணம், நோயாளி அதன் மேலேயே நடப்பதுதான். வலிக்காததால் நடக்கிறார், ஒவ்வொரு அடியிலும் புண் நசுங்குகிறது. மாத்திரையோடு, காலுக்குச் சுமை இல்லாமல் வைப்பதும் சிகிச்சை. காய்ச்சல், கெட்ட வாடை, பரவும் சிவப்பு, விரல் கறுப்பு, காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

புண்ணே இல்லாமல் ஒரு பாதம் சிவந்து, சூடாகி, வீங்குவதும் உண்டு. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள். எலும்பும் மூட்டும் நொறுங்கும் சார்கோ பாதமாக அது இருக்கலாம். காலை ஊன்றாமல் மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுங்கள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம், வீக்கம் இருந்தால் மறுபடியும் கேளுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற, பாதத்தில் தொட்டு அழுத்தும் மெல்லிய நைலான் இழையால் உணர்ச்சியையும், பாதத்து நாடித்துடிப்பால் ரத்த ஓட்டத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே புண் வந்து ஆறியவருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவை. புகை பிடிப்பவர் நிறுத்தியாக வேண்டும், அது காலுக்குப் போகும் ரத்தக் குழாயை அடைக்கும். சர்க்கரை பார்க்க டாக்டரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் செருப்பையும் காலுறையையும் கழற்றிவிட்டு எதிரே உட்காருங்கள்.